ஆங்கிலத்துக்கும் புணர்ச்சி உண்டு

“படிச்சா வெளங்குது சார். அவங்க பேசுனா ஒண்ணும் வெளங்கல.”

சாக்கோட்டை, புதுவயல், கண்டனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் வருகிற பதில் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் இதையே சொல்கிறார்கள். காரைக்குடியில் கல்லூரி முடித்து, வேலைக்காகத் தொலைபேசி நேர்காணலில் உட்காரும்போதோ, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகும்போதோதான் இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. அந்தத் தேர்வின் கேட்டல் பகுதியில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும்.

சொல்வளம் போதாது, அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள் என்று இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கேட்டுப் புரியாத அதே வாக்கியத்தைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். “அட, இதுதானா!” என்பான் பையன். ஒவ்வொரு சொல்லும் அவனுக்குத் தெரிந்ததுதான். தெரிந்த சொல் காதில் விழும்போது மட்டும் ஏன் தெரியாத சொல்லாகிவிடுகிறது? விடையில் ஒரு பாதி ஆய்வகங்களில் இருக்கிறது. இன்னொரு பாதி நம் தமிழ் இலக்கண வகுப்பிலேயே இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கணினியில் ஆடாசிட்டி அல்லது பிராட் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம். “சாக்கோட்டையில இருந்து வந்தேன்” என்று இயல்பாகப் பேசிப் பதிவுசெய்து, திரையில் தெரியும் ஒலி அலையைப் பாருங்கள். எழுத்தில் மூன்று சொற்கள், நடுவே இரண்டு இடைவெளிகள். அலையில் அந்த இரண்டு இடங்களிலும் இடைவெளி இருக்காது. ‘யில’வும் ‘இருந்து’வும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். ஆனால் சாக்கோட்டை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு இடங்களில் அலை தட்டையாகப் படுத்துக் கிடக்கும். க்க, ட்ட என்ற இரட்டை வல்லினங்களைச் சொல்ல நாக்கு காற்றை முழுக்க அடைக்கிறது, அந்த நேரம் நிசப்தம். ஆக, பேச்சில் நிசப்தம் இருக்கும் இடம் வேறு, சொல் முடியும் இடம் வேறு. சொற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதாக நமக்குத் தோன்றுவது மூளை செய்கிற வேலை. தாய்மொழியில் அந்த வேலை நம்மைக் கேட்காமலே நடந்துவிடுகிறது.

அந்த வேலையை நாம் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தொடங்கிவிட்டோம். 1996-இல் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற அசைகளை இடைவிடாமல் இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். பிடாகு, படோட்டி, கோலாபு என்பது மாதிரி மூன்றசைத் துண்டுகள், நிறுத்தமோ ஏற்ற இறக்கமோ இல்லாமல் கலந்து ஓடின. ‘பி’க்குப் பின் ‘டா’ எப்போதும் வரும், ‘கு’வுக்குப் பின் எது வேண்டுமானாலும் வரலாம். இந்தக் கணக்கை வைத்தே குழந்தைகள் துண்டுகளைப் பிரித்து அறிந்துகொண்டன. நம் வீட்டுக் குழந்தையும் தமிழை இப்படித்தான் வெட்டிப் பழகியது. பள்ளியில் அச்சடித்த எழுத்தின் வழியாக ஆங்கிலத்துக்குள் போன பிள்ளைக்கு, வெட்டிக்கொடுத்த சொற்களே கைக்கு வந்தன. வெட்டுகிற பழக்கம் வரவே இல்லை.

‘வேகம்’ என்ற புகாரையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 17 மொழிகளைப் பேசவைத்து அளந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அசைகளின் வேகம் மொழிக்கு மொழி மாறினாலும், ஒரு நொடிக்குக் கடத்தும் தகவலின் அளவு எல்லா மொழியிலும் ஏறத்தாழ 39 பிட்டுகள் என்ற அளவைச் சுற்றியே நின்றது. ஆங்கிலத்துக்கென்று தனி வேகம் இல்லை. வெட்டத் தெரியாத காதுக்கு எந்த மொழியும் வேகமாகத்தான் இருக்கும். நாம் பேசும் தமிழைக் கேட்டு ஒரு வடநாட்டுக்காரர் சொல்வதும் அதே புகார்தான்.

இப்போது இலக்கண வகுப்புக்கு வருவோம். நிலைமொழியின் இறுதியும் வருமொழியின் முதலும் சேர்வதுதான் புணர்ச்சி. அப்போது நடப்பதை நன்னூல் மூன்றாக வகுக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். இதே மூன்றும் ஆங்கிலப் பேச்சில் நாள் முழுக்க நடக்கின்றன. ஆங்கில எழுத்து அதைக் காட்டிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கெடுதலைப் பாருங்கள். மரம் + வேர் சேர்ந்தால் மரவேர், மகரம் போய்விடுகிறது. ‘நெக்ஸ்ட் டே’ என்பது ‘நெக்ஸ்டே’ ஆகிறது. ‘மஸ்ட் பி’ என்பதில் டகரம் கெட்டு ‘மஸ்பி’ என்று கேட்கும். ‘டெல் ஹிம்’ என்று எழுதியதை அவர்கள் ‘டெலிம்’ என்கிறார்கள், ஹகரம் இருந்த இடமே தெரியாது.

திரிதல்: மரம் + கள் என்பது மரங்கள் ஆகிறது. வருவது ககரம் என்று தெரிந்து, மூக்கொலி தன் இடத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்கிறது. ‘டென் பாய்ஸ்’ என்பது ‘டெம்பாய்ஸ்’ ஆவதும் அதே காரணத்தால்தான். அடுத்து உதடு மூடப்போகிறது, னகரம் அதற்குள் மகரமாகிவிடுகிறது. ‘டிட் யூ’ என்பது ‘டிஜூ’ ஆகும், ‘மீட் யூ’ என்பது ‘மீச்சூ’ ஆகும்.

தோன்றலில்தான் எனக்கு மிகுந்த வியப்பு. தமிழில் இரண்டு உயிர் நேருக்கு நேர் வந்தால் உடம்படுமெய் தோன்றும். இகரம், ஈகாரம், ஐகாரத்துக்குப் பின் யகரம், அகரம், உகரம், ஓகாரம் முதலானவற்றுக்குப் பின் வகரம். மணி + அடித்தது, மணியடித்தது. பூ + அழகு, பூவழகு. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம்’ என்பதைக் கவனியுங்கள், ‘ஐயம்’ என்று கேட்கும். ‘சீ இட்’ என்பது ‘சீயிட்’. ‘கோ அவே’ என்பது ‘கோவவே’. ‘டூ இட்’ என்பது ‘டூவிட்’. எந்த உயிருக்குப் பின் யகரம், எதற்குப் பின் வகரம் என்ற பங்கீடுகூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். தென்கிழக்கு இங்கிலாந்துக்காரர்கள் ‘லா அண்ட் ஆர்டர்’ என்பதில் இல்லாத ரகரத்தைக் கொண்டுவந்து ‘லாரன் ஆர்டர்’ என்பது அவர்களுடைய தனிப்பட்ட உடம்படுமெய்.

மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் ஏறிக்கொள்வதும் அப்படியே. தமிழன்னை எப்படியோ அப்படித்தான் ‘டர்ன் இட் ஆஃப்’ என்ற மூன்று சொல்லும் ‘டர்னிடாஃப்’ ஆகிறது. புத்தகம் வழியாக அல்லாமல் காது வழியாக ஆங்கிலம் கற்ற நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. பேருந்து நடத்துநர் “ஓல்டான்” என்றுதான் கத்துகிறார், ‘ஹோல்ட்’ ‘ஆன்’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வதில்லை. ஹகரம் கெட்டு, டகரத்தின்மேல் ஆகாரம் ஏறிய வடிவம் அது. ஒர்க்‌ஷாப்பில் ‘பிக்கப்’ என்பதும் அதே வகை. எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் என்று நாம் நினைத்தவர்கள் ஒலியைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, குறுக்கம். காசு, நாடு என்பவற்றின் இறுதி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறது என்று தொல்காப்பியர் காலத்திலிருந்தே காது கொடுத்துக் கேட்டு அளந்து வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் குறுகுவது பெரும்பாலும் சின்னச் சொற்களின் உயிர். ‘அண்ட்’ என்பது வெறும் ‘ன்’ ஆகும். ‘கப் ஆஃப் டீ’ என்பது ‘கப்பட்டீ’ ஆகும். ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ ஆகும். இதில் ஆபத்தான இணை ஒன்று உண்டு: முடியும் என்ற ‘கேன்’, முடியாது என்ற ‘கான்ட்’ அல்லது ‘கேன்ட்’. அமெரிக்கப் பேச்சில் பின்னதன் டகரம் தொண்டையிலேயே நின்றுவிடும். அதற்காகக் காத்திருக்கிற காது ஏமாந்துபோகும். வாக்கியத்தில் அந்தச் சொல் ‘க்கன்’ என்று ஒடுங்கிப் போனால் முடியும், எடுப்பாக நின்று கேட்டால் முடியாது. எழுத்தைத் தேடாமல் எடுப்பைத் தேடச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த எடுப்பு என்பது தமிழ்க் காதுக்குப் பழக்கமில்லாத ஒன்று. தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்திலோ, உளவியலாளர் ஆன் கட்லர் 1987-இல் டேவிட் கார்ட்டரோடு சேர்ந்து கணக்கிட்டபடி, உரையாடலில் வரும் பொருளுள்ள சொற்களில் பத்துக்கு ஒன்பது அழுத்தமான அசையில்தான் தொடங்குகின்றன. அதனால் ஆங்கிலேயரின் காது அழுத்தம் வந்த இடத்தில் “இங்கே புதுச் சொல்” என்று வெட்டிக்கொள்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த வெட்டுமிடத்தை யாரும் காட்டியதில்லை.

காதின் வரம்புகளையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். கனடாவில் ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. இந்தியின் தகர, டகர வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் பிரித்து அறிகின்றன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்தத் திறன் மங்கிவிடுகிறது. தேவைப்படாத வேறுபாட்டைக் காது கைவிடுகிறது. பதமும் படமும் நமக்கு வேறு வேறு என்பதில் சந்தேகமே வராது, வெள்ளைக்காரருக்கு அது பெரும்பாடு. நமக்குப் பெரும்பாடு வேறு இடத்தில். மேலே போட்டுக்கொள்ளும் ‘கோட்’டையும், ஆட்டைக் குறிக்கும் ‘கோட்’டையும் தமிழெழுத்தில் ஒரே மாதிரிதான் எழுத முடியும். ககரம் எங்கே வலிக்கும், எங்கே மெலியும் என்பதைத் தமிழில் இடமே முடிவு செய்துவிடுவதால் காது அதைக் கவனித்துப் பழகவில்லை. வகரத்திலும் ஆங்கிலத்துக்கு இரண்டு உண்டு, நமக்கு ஒன்று.

ஆனால் நமக்கொரு கைமுதல் இருக்கிறது: குறில், நெடில். ஆங்கிலத்தில் பையைக் குறிக்கும் ‘பேக்’கின் உயிர், முதுகைக் குறிக்கும் ‘பேக்’கின் உயிரைவிட நீளமாக ஒலிக்கும். இறுதி மெய் காதில் விழாவிட்டாலும் நீளம் விழும். நீளத்தைக் கவனி என்று சொன்னால் தமிழ்ப் பிள்ளைக்கு அது புதுப் பாடமே அல்ல.

மங்கிய காதைத் தீட்ட முடியுமா? முடியும். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் ஒன்றாகவே கேட்கும். 1991-இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜான் லோகன், ஸ்காட் லைவ்லி, டேவிட் பிசோனி மூவரும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து முன்னேற்றம் காட்டினார்கள். முக்கியமான செய்தி இரண்டாண்டு கழித்து வந்தது. பல பேருடைய குரலில் பயின்றவர்கள் புதிய குரலையும் பிடித்தார்கள். ஒரே குரலில் பயின்றவர்கள் அந்தக் குரலில் தேறினார்கள், புதியவர் பேசியபோது தடுமாறினார்கள். ஒரே ஆசிரியரின் குரலில் மட்டும் ஆண்டு முழுக்க ஆங்கிலம் கேட்கும் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள்.

பல குரல் கேட்டுப் பழகுவது இந்த மண்ணுக்குத் தெரியாத வித்தையல்ல. கண்டனூரிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூர்க் கிட்டங்கியிலும் அந்த ஊர் மொழியைக் கடை வாசலில்தான் கற்றார்கள். கடன் கேட்பது, தவணை சொல்வது, வட்டி பேசுவது என்று வரம்புக்குட்பட்ட பேச்சு, வந்து போகும் நூறு குரல்களில், நாள்தோறும். புரியாவிட்டால் அங்கேயே திருப்பிக் கேட்டாகவேண்டும், ஏனென்றால் பணம் போகும். இன்று கானாடுகாத்தான் மாளிகைகளையும் ஆத்தங்குடிக் கல் பட்டறைகளையும் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் பிரெஞ்சுக்காரரின் ஆங்கிலம், ஜெர்மானியரின் ஆங்கிலம், லண்டன் ஆங்கிலம் எல்லாவற்றையும் சமாளிப்பதும் அதே வழியில்தான்.

பள்ளியில் கேட்டல் என்ற பெயரில் நடப்பது என்ன? ஆசிரியர் ஒரு பத்தியை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், பிறகு கேள்வி கேட்பார், சரி தவறு போடுவார். கேம்பிரிட்ஜ் வெளியீடாக 2008-இல் ஜான் ஃபீல்ட் எழுதிய நூலின் மையக் குற்றச்சாட்டே இதுதான்: நாம் கேட்டலைச் சோதிக்கிறோம், கற்றுக்கொடுப்பதில்லை. தவறு எந்த இடத்தில், எந்த ஒலியில் நடந்தது என்று யாரும் தேடுவதில்லை. நிறுத்தி வாசிப்பதும் உதவி அல்ல. சொல் சொல்லாக வாசித்தால் புணர்ச்சியே காணாமல் போகிறது, வெளியே யாரும் பேசாத ஆங்கிலத்துக்குப் பிள்ளை பழகுகிறது.

வேறு என்ன செய்யலாம்? பத்து நொடிப் பேச்சு போதும். ஆனால் அது இயல்பான பேச்சாக இருக்கவேண்டும், எழுத்து வடிவமும் கையில் இருக்கவேண்டும். பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் விரிவுரைகளுக்கும் எழுத்து வடிவம் உண்டு. நம் பிள்ளைகள் நாளைக்கு அலுவலகத்தில் கேட்கப்போவது பெரும்பாலும் இந்தியக் குரல்கள்தான் என்பதால் இரண்டும் வேண்டும். முதலில் பொருளுக்காக ஒரு முறை கேட்கவிடுங்கள். பிறகு காதில் விழுந்ததை விழுந்தபடியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள், தமிழெழுத்தில் எழுதினாலும் சரி.

‘ஐ ஷுட் ஹேவ் ஆஸ்க்ட் ஹிம்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். காதில் விழுவது ‘ஐஷுடவாஸ்க்டிம்’. ‘ஐ ஷுட் ஆஸ்க் டீம்’ என்று எழுதி வைக்கிற பிள்ளை நிச்சயம் இருக்கும். அதைச் சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள். அருமையான தடயம் அது. டகரமும் இகரமும் ஏறிக்கொண்டதை அந்தப் பிள்ளை சரியாகக் கேட்டிருக்கிறது, எங்கே வெட்டுவது என்றுதான் தெரியவில்லை. ‘ஹேவ்’ ஒடுங்கிப் போனதைத் தவறவிட்டிருக்கிறது. இப்போது எழுத்து வடிவத்தைக் காட்டி, எது கெட்டது, எது திரிந்தது, எது தோன்றியது என்று பிள்ளையையே குறிக்கச் சொல்லுங்கள். பிறகு எழுத்தை மூடிவிட்டு மறுபடி கேட்கவேண்டும், அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். தேவைப்பட்டால் செல்பேசியில் வேகத்தை முக்காலாகக் குறைத்து ஒரு தடவை கேட்கலாம். புணர்ச்சி கலையாமல் இருக்கும். ஆனால் முழு வேகத்துக்குத் திரும்பிவிடவேண்டும்.

படம் பார்த்துக் கற்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்வீனும் 2009-இல் டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலக் காட்சிகளைக் காட்டினார்கள். ஆங்கில வசனவரியோடு பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சுப் பாணி பிடிபட்டது. டச்சு வசனவரியோடு பார்த்தவர்களுக்கு, முன்பு கேட்காத வாக்கியங்களைப் பிடிப்பதில் அது இடைஞ்சலாகவே இருந்தது. கதைக்காகத் தமிழ் வசனவரி போட்டுப் பாருங்கள், காதுக்காக என்றால் ஆங்கில வசனவரிதான்.

இரைச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சொல்லின் நடுவே ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமலை வைத்தால், தாய்மொழிக்காரர் சொல் முழுதாகக் கேட்டது என்றே சாதிப்பார். ரிச்சர்ட் வாரன் 1970-இல் காட்டிய உண்மை இது. மொழி பழகாதவருக்கு அந்த ஓட்டையை நிரப்பச் சரக்கு போதாது. மின்விசிறி கடகடக்கும் வகுப்பில், சாலைச் சத்தத்துக்கு நடுவே, கடைசி பெஞ்சுப் பிள்ளை ஆசிரியரைவிட எத்தனையோ மடங்கு குறைவாகவே கேட்கிறது. ஒலிப்பதிவு போடும் பத்து நிமிடமாவது மின்விசிறியை நிறுத்தி, ஒலிபெருக்கியை நடுவில் வையுங்கள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்குத்தான். பாடநூலில் கேட்டல் பயிற்சிகள் இருந்தாலும் மதிப்பெண் இல்லாததால் அந்தப் பக்கங்கள் புரட்டப்படாமலே போகின்றன. ஆசிரியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு கொடுக்கும். கல்வித் துறைக்கு ஒரு கோரிக்கை: கேட்டலுக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்குங்கள். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணினி ஆய்வகங்கள் அமைத்தாயிற்று, கருவிக்குப் பஞ்சமில்லை. அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கும் ஆங்கில ஆசிரியர்கள், அடுத்த வகுப்பிலிருக்கும் தமிழாசிரியரை அழைத்து ஒரே ஒரு பாடவேளை சேர்ந்து நடத்திப் பாருங்கள். அவர் பலகையில் மரங்கள் என்று எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் ‘டென் பாய்ஸ்’ என்று எழுதுங்கள்.